திருநீறு பூசினவனின் இரண்டாம் பாகம்

"டேய் ரூபன், அந்தத் திருநீறு பூசின தம்பி இண்டைக்கு எங்க நிக்கிறார்?"

குசினிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா கேட்டாள். திருவலையில் தேங்காய் திருவும் சத்தம் கூடவே வந்தது.

"எமலோகத்தில."

"இன்னுமோ? எட்டு நாளாய் அங்கதானே நிக்கிறார்."

"வெளியில வர பாஸ் குடுக்கிறாங்கள் இல்லையக்கா. ஆள் பிணை வைக்கட்டாம்."

எங்கள் ஊரை விட்டு வெளியே போக இயக்கத்திடம் பாஸ் எடுத்து, ஓர் ஆளைப் பிணை வைக்கவேண்டியிருந்தது. என்னோடு ரீவியில் கேம் விளையாடிக்கொண்டிருந்த கூட்டாளி கோபி சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. திருவலைச் சத்தம் நின்றது.

"பகிடி விடாதை. அவர் வெளியில வந்த உடன எனக்குச் சொல்லு. மறந்திடாதை."

சுவர் மறைத்தாலும் எனக்குத் தெரியும், இதைச் சொல்லும்போது அவளுடைய இடது கை வயிற்றில் இருந்திருக்கும். அப்போது ஏழு மாதம்.

ரீவியில் ஒரு தூண் சுழன்றுகொண்டிருந்தது. தூண் முழுக்கக் கத்திகள். அதில் ஏறித்தான் எங்கள் ஆள் எமலோகத்தை விட்டு வெளியே வரவேண்டும். பாதித் தூரம் ஏறுவான், கத்தி தட்டும், விழுவான். கோபி அதற்குக் கழுமரம் என்று பேர் வைத்திருந்தான். மற்றவர்களுக்கு அது விளையாட்டு. எனக்கோ கை வியர்த்து ரிமோட் வழுக்கியது.

ஏன் வியர்த்தது என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். போன கிழமை இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு, அக்காவின் புருசன், எங்கள் அத்தான், போன் எடுத்தார். "என்னைக் கஞ்சன் எண்டு எழுதினது காணும், இனி வேற ஆரையும் பிடி" என்றார். ஆகவே இந்தக் கிழமை அக்காவைப் பிடித்திருக்கிறேன். அத்தான் தப்பவில்லை, பின்னால் வருகிறார்.

காற்றடித்தால் ஆள் சுருங்குவான்

விசுவமடுச் சந்தியில் அத்தானுக்கு ரயர் ஒட்டும் கடை இருந்தது. பின்பக்கம் வீடு. கடைக்கும் குசினிக்கும் நடுவில் ஓர் அறை. அதற்குள்தான் எங்கள் கேம் பெட்டி.

சண்டை நின்று, வன்னிக்குள் வரும் பாதை திறந்திருந்த காலம் அது. வவுனியாவிலிருந்து முதலில் ஐஸ்கிறீம் வந்தது. பிறகு மோட்டார் சைக்கிள்கள் வந்தன. பிறகு வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் பெரிய பெரிய பைகளோடு வந்தார்கள். அத்தானின் தம்பி சுவிஸிலிருந்து வந்து, பத்து நாள் நுளம்புக்கடி வாங்கி, போகும்போது பாரம் குறைக்க அந்தப் பெட்டியை விட்டுவிட்டுப் போனார். அத்தான் அதைப் படம் பார்க்கும் டெக் என்று நினைத்து ஒரு மாதம் அலுமாரிக்கு மேல் வைத்திருந்தார்.

கரண்ட் இல்லை. ரயருக்குக் காற்றடிக்கும் மெசினை ஓட்டுகிற அதே ஜெனரேட்டர்தான் ரீவிக்கும். யாராவது லொறிக்காரன் காற்றடிக்க வந்தால் ரீவிப் படம் நாலு பக்கமும் சுருங்கும். உள்ளே வாள் வீசிக்கொண்டிருக்கிறவன் குள்ளனாகிவிடுவான். "அத்தான், ஆள் சாகப்போறான், காத்தை நிப்பாட்டுங்கோ" என்று கத்துவோம். "அவன் செத்தா எழும்புவான், லொறி போனா வராது" என்பார் அத்தான்.

கார் ஓட்டம், மல்யுத்தம், கிரிக்கெட் என்று எல்லாம் விளையாடினோம். அவற்றில் சொல்வதற்குக் கதை ஒன்றும் இல்லை. கதையோடு வந்தது நஸார் நானா கொண்டுவந்த ஒன்றுதான்.

நஸார் நானா குடும்பம் முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து புத்தளத்தில் கன வருசம் இருந்துவிட்டு, பாதை திறந்த பிறகு திரும்பி வந்தது. மோட்டார் சைக்கிளில் துணிமூட்டை கட்டி ஊர் ஊராக விற்பார். சாரங்களுக்கு அடியில் சீடிகள் இருக்கும். அன்றைக்கு ஒரு சீடியை எடுத்து நீட்டினார். மட்டை இல்லை. மேலே பேனையால் ஒரு வாள் மட்டும் கீறியிருந்தது.

"வவுனியாவுல எங்கட மச்சான்ட கடையில எடுத்தது. அங்க பொடியன்மாரு சோறு தண்ணி இல்லாம இதுலதான் கிடக்கிறாங்க" என்றார்.

என் இங்கிலீசு

விளையாட்டில் எல்லோரும் இங்கிலீசு கதைத்தார்கள். நான் ஓஎல் சோதனை இரண்டு தரம் எழுதியவன். இங்கிலீசு வினாத்தாளில் என் சுட்டிலக்கத்தைத் தவிர வேறொன்றும் பிழையில்லாமல் எழுதியதில்லை. ஆனால் பார்க்க வந்தவர்கள், "என்னவாம், என்னவாம்?" என்று கேட்டால் தெரியாது என்று சொல்வது கடைக்கு மரியாதையா?

ஆளைப் பார்த்தேன். மொட்டைத் தலை. தலை முதல் கால் வரை வெள்ளை. கண்ணிலிருந்து தோள் வழியாக ஒரு சிவப்புக் கோடு. எங்களுடைய ஊரில் உடம்பெல்லாம் வெள்ளையாக ஒருவன் நின்றால் அது என்ன? திருநீறு. சிவப்பு? குங்குமம். இதற்கு இங்கிலீசு எதற்கு?

"இவர் பெரிய சிவபக்தர். விரதகாரன். ஊரில பேயள் கூடினபடியால் வாள் தூக்கிட்டார்" என்று தொடங்கினேன். கதை பிடித்துக்கொண்டது.

கப்பலை உடைத்த பல தலைப் பாம்புக்கு ஆதிசேடனின் ஒன்றுவிட்ட தம்பி என்று உறவு வைத்தேன். மாட்டுத்தலை அரக்கர் எமனின் எருமைகள். பாம்புக் கூந்தல்காரியின் தலையைப் பிடுங்கவேண்டி வந்த அன்றைக்குக் கோபி பயந்துபோனான். பிடுங்கிவிட்டு, அடுத்த நாள் சைக்கிளில் புளியம்பொக்கணைக் கோயிலுக்குப் போய், பாம்புச் சாமியான நாகதம்பிரானுக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்தான். மூன்று தலை நாய் வந்தபோது, வைரவரின் வாகனமாயிற்றே என்று முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். அதற்குள் அது எங்கள் ஆளைக் கடித்துக் கொன்றுவிட்டது.

இதையெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நான் யோசிக்கவில்லை.

அக்கா வைத்த குறி

அக்காவுக்கு அதற்கு முதல் இரண்டு தங்கவில்லை. முதலாவது ஐந்தாம் மாதத்தில் போனது. இரண்டாவது பிறந்து அழாமலே போனது. இது மூன்றாவது.

வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் பாரத்தைப் போட்டிருந்தோம். அம்மா வற்றாப்பளை அம்மாளுக்கு நேர்த்தி வைத்திருந்தா. அத்தான் நாகதம்பிரானுக்கு வெள்ளியில் நாகம் செய்து போடுவதாகச் சொல்லியிருந்தார். அக்கா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் எனக்குத் தேத்தண்ணீர் தரும்போது மெதுவாகக் கேட்டாள்.

"அந்தத் தம்பிக்குக் குடும்பம் இருக்கோ?"

"இருக்கு. மனிசியும் ஒரு பெட்டைப்பிள்ளையும்." இடையிடையே அவன் கனவில் வருகிற இருவரைப் பார்த்துச் சொன்னேன்.

"எங்க இருக்கினம்?"

"வீட்டில. இவர் வேலையை முடிச்சிட்டுப் போகப் பாத்துக்கொண்டிருக்கினம்."

அக்கா சீனிப்போத்தலை மூடினாள். பிறகு, "நான் ஒண்டு நினைச்சு வைச்சிருக்கிறன். அவர் பிள்ளையிட்டப் போய்ச் சேர்ந்தாரெண்டால் எனக்கும் இது தங்கும்" என்றாள்.

"இதென்னக்கா, பூ வைச்சுப் பாக்கிற மாதிரி."

"பூ வைச்சும் பாத்தனான், ரெண்டு தரமும். நல்ல பூத்தான் வந்தது."

அன்றிலிருந்துதான் என் கை வியர்க்கத் தொடங்கியது.

எனக்குப் பிடிக்காத இடங்கள் வந்தால் கதையை மாற்றினேன். ஒரு கட்டத்தில், கூண்டுக்குள் கிடக்கும் ஓர் இளம் படைவீரனை மேட்டுக்குத் தள்ளிக்கொண்டுபோய் உயிரோடு எரிக்கவேண்டும். அப்படிச் செய்தால்தான் கதவு திறக்கும். அவன் கம்பியைப் பிடித்துக் கெஞ்சுவான். அவன் சொன்னது ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் கெஞ்சுவது எந்தப் பாசையிலும் ஒன்றுதான். கோபி ரிமோட்டை நிலத்தில் வைத்தான். "நான் தள்ளமாட்டன். நீ வேணுமெண்டாத் தள்ளு" என்றான். சண்டைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் என்று இயக்கம் கேட்கத் தொடங்கியிருந்த நாட்கள்.

நான்தான் தள்ளினேன். சுவருக்கு அந்தப் பக்கம், "என்னடா, கத்துறது ஆர்?" என்று குரல்.

"தேர் இழுக்கினம் அக்கா."

"இப்பிடியோ அரோகரா சொல்லுறது?"

நானா சொன்னது

ஒருவழியாக ஒன்பதாம் நாள் கழுமரத்தில் ஏறிவிட்டோம். அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அன்றைக்கு அவள் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள். ஒரு ரீவிப் பெட்டியை நம்பி ஒருத்தி சாப்பிடுகிறாள்.

அந்தக் கிழமைதான் நஸார் நானா பிள்ளைச் சட்டைத் துணியோடு வந்தார். ரீவியைப் பார்த்துக்கொண்டு நின்றவரிடம், "எங்கட சிவபக்தரைப் பாத்தீங்களோ நானா?" என்றேன்.

"சிவபக்தனோ?" என்றார். "நீ என்ன சொல்லிக்கிட்டுத் திரியிறாய்? அது திருநீறு இல்லடா. மச்சான் இங்கிலீசு தெரிஞ்சவன், முழுக்கதையும் எனக்குச் சொன்னவன். அது அவன்ட பொஞ்சாதியும் புள்ளையும் எரிஞ்ச சாம்பல்."

"ஆர் எரிச்சது?"

"வெட்டினது அவனேதான். சாமி ஒண்டு ஏமாத்தினதால ஆளைத் தெரியாம வெட்டிட்டான். பொறகு ஒரு கிழவி சாபம் போட்டு, அந்தச் சாம்பல் அவன்ட தோல்ல ஒட்டிக்கிட்டு. கழுவினாலும் போகாது."

சுவரைப் பார்த்தேன். திருவலைச் சத்தம் கேட்கவில்லை. அக்கா கிணற்றடியில் இருந்தாள், நல்ல காலம்.

"கடைசியில என்ன நடக்குது?"

"கடைசிச் சண்டையில பொஞ்சாதியும் புள்ளையும் திரும்ப வருவாங்க. அவன் கட்டிப் புடிச்சுக் காப்பாத்துவான். அதுக்குள்ள அந்தச் சாமி அவன்ட வாளைப் புடுங்கிட்டு, கண்ணுக்கு முன்னால ரெண்டு பேரையும் திரும்பவும் கொல்லும். அதுக்குப் பொறகு எனக்குத் தெரியா. மச்சான் அதோட கடையைப் பூட்டிட்டான்."

"நானா, அக்கா இதில ஒரு குறி வைச்சிருக்கிறா, அவவிட்ட மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

"எனக்கென்ன விசரோ?" என்றார் நானா.

எண்ணெய்

ஊரில் சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை பூட்டிய கிழமையில், விளையாட்டில் நாங்கள் கடைசிச் சண்டைக்கு வந்தோம். குண்டு போடும் கிபிர் விமானம் இரண்டு தரம் வந்து போயிருந்தது. ஜெனரேட்டருக்கு மண்ணெண்ணெயைச் சோடாப்போத்தலில் அளந்து ஊற்றினோம். விளையாட்டை நிறுத்திவிடலாம் என்று நான் அத்தானிடம் சொன்னேன். விடாதது அக்காதான்.

"இவ்வளவு தூரம் வந்தாப் பிறகோ?" என்று கேட்டுவிட்டு, ஒரு நாளும் உள்ளே வராதவள் அன்றைக்குக் கதிரையை இழுத்துப் போட்டு எனக்குப் பின்னால் இருந்தாள்.

திரையில் அவனைப் போலவே இருந்த ஒரு கூட்டம் அந்தத் தாயையும் பிள்ளையையும் வெட்ட ஓடிவந்தது. அவன் வெட்டி விலக்கிவிட்டு ஓடிப்போய் இருவரையும் கட்டிப்பிடிக்கவேண்டும். பிடித்தால் அவனுடைய உயிர் குறையும், அவர்களுடையது கூடும். கோபி "இடப்பக்கம், இடப்பக்கம்" என்று முணுமுணுத்தான்.

"அவைதானோ?" என்றாள் அக்கா.

"ஓம்."

"பிள்ளை சின்னன்."

கூட்டம் முடிந்தது. அவன் இருவரையும் அணைத்துக்கொண்டு நின்றான். இனி அந்தச் சாமி வாளைப் பிடுங்கும் என்று எனக்குத் தெரியும். காலை நீட்டி, பெருவிரலால் வயரைக் கொளுவி பிளக்கை இழுத்தேன். ரீவி இருண்டது.

"எண்ணெய் முடிஞ்சுது" என்றேன். "காரியமில்லை அக்கா. வெண்டிட்டான். பாத்தனிதானே, சேர்ந்திட்டினம்."

அக்கா என்னைப் பார்த்தாள். கதிரையைப் பிடித்து எழும்பிப் போனாள்.

பிறகு வந்த பாகங்கள்

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். பல வருசம் கழித்து வவுனியாவில் அசல் இரண்டாம் பாகத்தைப் பார்த்தேன். அதில் எங்கள் ஆள் தானே சாமியாகி, சிம்மாசனத்தில் இருந்து, பிறகு ஏமாந்து விழுகிறான். தலைவிதியை நூலாக நூற்கிற பெண்களைத் தேடிப்போய், நடந்ததை மாற்றப் பார்க்கிறான். சிலைகள் பெரிதாகிவிட்டன, குதிரைக்குச் சிறகு முளைத்துவிட்டது. ஆளுக்குக் கோபம் இரண்டு மடங்கு. துக்கம் கொஞ்சம் குறைந்துவிட்டது என்று எனக்குப் பட்டது.

கையில் வைத்து விளையாடும் சின்னப் பெட்டிக்கும் ஒரு பாகம் செய்தார்கள். அதில் அவன் செத்த மகளைச் சந்திக்கிறான். உலகத்தைக் காப்பாற்ற அவளை விட்டுப் போகவேண்டும். பிள்ளை விடாது. பட்டனை அழுத்தி அழுத்தி நாங்களே அவளைத் தள்ளவேண்டும். நான் அழுத்தவில்லை. "பற்றரி இறங்கிப்போச்சு" என்று சொல்லிப் பெட்டியை உரியவரிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் பொய்யில் எனக்குப் பழக்கம் இருந்தது.

ஆனால் இந்தத் தொடருக்கு முதன்முதலில் இரண்டாம் பாகம் செய்தவன் நான்தான். அதை லான்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் வைத்துச் செய்தேன்.

பரந்தன் வீதியில்

பிளக்கை இழுத்து நாலாம் நாள் காலமை அக்காவுக்குப் பிள்ளைநோ தொடங்கிவிட்டது. மூன்று கிழமை முந்திவிட்டது. வாகனங்களெல்லாம் வேறு வேலைக்குப் போயிருந்த நேரம். அத்தான் பக்கத்து வீட்டு லான்ட்மாஸ்டரைக் கொண்டுவந்தார். இரண்டு லொறி ரியூப்புக்கு அரைவாசிக் காற்றடித்துப் பெட்டிக்குள் போட்டு, மேலே மெத்தையை விரித்தார். தன் வாழ்நாளில் அவ்வளவு பக்குவமாக அவர் காற்றடித்து நான் பார்த்ததில்லை. கையால் அமத்தி அமத்திப் பார்த்தார்.

கிளிநொச்சி ஆசுபத்திரிக்குப் போகவேண்டும். லான்ட்மாஸ்டர் ஓடுவதைவிட மாடு வேகமாக நடக்கும். தருமபுரம் தாண்டும்போது அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கதை."

"என்னத்தைக் கதைக்க?"

"அவன்ர கதையைச் சொல்லு."

"அதுதானே, வெண்டு, வீட்ட போய், மனிசி பிள்ளையோட..."

"ரூபன்."

"ம்."

"அண்டைக்கு எண்ணெய் முடிஞ்சுதெண்டு நீ சொல்லேக்கை, வெளியில ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது."

மெத்தையில் ஒரு நூலைப் பிடித்து இழுத்தேன்.

"அடுத்த நாள் நானாட்டக் கேட்டனான். அந்த மனுசனுக்குப் பொய் சொல்ல வராது. கையில இருந்த துணியை மூண்டு தரம் மடிச்சார்."

"அக்கா, அது வெறும் விளையாட்டு. அதை வைச்சு நீ..."

"திருநீறில்லை எண்டும் தெரியும். திருநீறும் சாம்பல்தானேடா." நோ வந்தது. என் கை எலும்பு நெரிந்தது. அது போன பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "பிள்ளை போனாப் பிறகு அவன் என்ன செய்தவன்? எனக்கு அது வேணும். நானும் ரெண்டு தரம் அந்த இடத்தில நிண்டனான். அதுக்கங்கால என்னெண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை."

அதுக்கங்கால என்ன என்று எனக்கும் தெரியாது. பிளக்கை இழுத்தது நான்தானே.

"எழும்பினவன்" என்றேன்.

"பிறகு?"

"நடந்தவன். சாம்பலைக் கழுவ."

"எங்க?"

"முதல் ஒரு குளத்துக்கு. அங்க பொம்பிளையள் குளிச்சுக்கொண்டு நிண்டவை. 'மொட்டையா, அங்கால போ, இது எங்கட துறை' எண்டு கலைச்சுப் போட்டினம்."

அக்கா சிரித்தாள். சிரிக்க நொந்தது. "சாப்பிட்டவனோ?"

"இல்லை."

"ஏன்டா, ஒரு வாய் குடன்."

"சரி. ஒரு வீட்டில புட்டும் மாம்பழமும் குடுத்தவை. அவன் சாப்பிடமாட்டன் எண்டவன்."

"அப்பிடித்தான் இருக்கும். மூண்டாம் நாள் சாப்பிடுவான்."

"மூண்டாம் நாள் சாப்பிட்டவன்."

முரசுமோட்டைக்குக் கிட்ட கிபிர்ச் சத்தம். அத்தான் லான்ட்மாஸ்டரை ஒரு மருதமரத்துக்குக் கீழே விட்டார். வீதியில் போனவர்கள் சைக்கிளைப் போட்டுவிட்டு வாய்க்காலுக்குள் இறங்கினார்கள். அக்காவை இறக்க ஏலாது. அத்தான் பெட்டியில் ஏறி அவளுக்கு மேல் குடைபோல் குனிந்து நின்றார். நான் கதையை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தேன்.

"நிப்பாட்டாதை" என்றாள் அக்கா.

அத்தான், "எப்பிடியப்பா ஓட்டுறது, மேல நிக்கிறான்" என்றார்.

"உங்களுக்கில்லை. ரூபனுக்கு."

அந்த மரத்துக்குக் கீழே அவனை ஏழு ஊர் நடத்தினேன். எந்த ஊர் என்று இப்போது கேட்டால் தெரியாது. சத்தம் தெற்கே போய் எங்கேயோ இரண்டு தரம் அதிர்ந்தது. அத்தான் இறங்கி ஹாண்டிலைப் பிடித்தார். முதல் இரண்டு தரம் ஸ்டாட் வரவில்லை.

கதவுக்கு வெளியே

ஆசுபத்திரியில் அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு பூட்டியது. அத்தான் சுவரோடு குந்திவிட்டார். போன முறையும் இதே மாதிரிக் கதவு பூட்டியது, பிறகு ஒரு சத்தமும் வராமலே திறந்தது. அதை அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

எவ்வளவு நேரமென்று தெரியாது. கதவு கொஞ்சம் திறந்து, பிள்ளைப்பேறு பார்க்கும் மிஸ்ஸி ஒருவர் தலையை நீட்டினார்.

"ஆர் தம்பி ரூபன்?"

"நான்தான்."

"உள்ளுக்கை உங்கட அக்கா எங்களைப் படாதபாடு படுத்திறா. ஆரோ நடந்து போனவனாம், பிறகு என்னவாம் எண்டு கேட்டுக்கொண்டு வரட்டாம்."

"மிஸ்ஸி, அது..."

"எனக்குச் சொல்லாதேங்கோ, நேரமில்லை. இதில நிண்டு சத்தமாய்ச் சொல்லுங்கோ." கதவை ஒரு சாண் திறந்தபடி விட்டுவிட்டுப் போனார்.

வாசலில் இருந்த மற்றச் சனம் எல்லாம் என்னைப் பார்த்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக எனக்குக் கதைக்க வெட்கம் வந்தது. அத்தான் என் காலில் தட்டினார். "சொல்லன்டா."

"அக்கா" என்று கத்தினேன். "அவன் கடலுக்கு வந்திட்டான். முல்லைத்தீவுக் கடல். வலை இழுத்துக்கொண்டு நிண்டவை அவனைக் கண்டிட்டு ஒண்டும் கேக்கேல்லை. கயித்தில ஒரு துண்டைக் குடுத்தவை. அவனும் பிடிச்சு இழுத்தவன். உள்ளுக்கை கேக்குதோ?"

உள்ளேயிருந்து பதில் இல்லை. மிஸ்ஸியின் குரல் மட்டும், "முக்குங்கோ, முக்குங்கோ" என்றது.

"இழுத்து முடிய, தண்ணிக்குள்ள இறங்கினவன். சாம்பல் போகுமோ எண்டு பாக்க. முழங்காலளவு தண்ணி. குனிஞ்சு ரெண்டு கையாலும் அள்ளினவன். அள்ளி..."

ஈரத்துணியைக் கிழித்ததுபோல் உள்ளே ஒரு சத்தம். நின்றது. பிறகு திரும்பவும், இன்னும் நீளமாக.

அத்தான் எழும்பி என் தோளைப் பிடித்தார். அவருடைய வாய் திறந்திருந்தது.

"கத்துது" என்றார். "கத்துதடா."

அள்ளிய தண்ணீரோடு அவனை அங்கேயே விட்டுவிட்டேன்.